சன்னலில் தொங்கும் சட்டைக் கை

கல்யாணம் ஆகி ஒரு வருஷம் முடிந்திருந்த சமயம். ஒரு ஜெபக்குழுவுக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். அதை நடத்தியவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வேதத்தைத் திறந்து பேச ஆரம்பித்தால் அறையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. யாரிடமும் சொல்லாமல் நாம் மனசுக்குள் வைத்திருந்ததை எடுத்துப் பேசுவார். அது தனக்காகவே சொன்னது என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தோன்றும். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று நாள் அந்தக் குரல் கூடவே இருக்கும்.

அவர் என்னிடம் தவறாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நடந்ததெல்லாம் எனக்குள்தான். சின்ன முடிவோ பெரிய முடிவோ, அண்ணன் என்ன சொல்வார் என்றே யோசிக்கப் பழகிவிட்டேன். எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற மனிதர் நாளாக ஆக மங்கிக்கொண்டே போனார். ஒருநாள், குழுவில் கேட்டுவிட்டு வந்த ஒரு விஷயத்தை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் முழுவதும் கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "இதையேதான் போன மாசம் நான் சொன்னேன். அப்ப உனக்குக் காதுலயே விழலையா?"

விழவில்லை. உண்மையிலேயே விழவில்லை.

இது நடந்து பல வருஷம் கழித்துத்தான் ஆங்கில எழுத்தாளர்களான சார்ல்ஸ் வில்லியம்ஸையும் சி. எஸ். லூயிஸையும் பெரியவர்களுக்கான அவர்களுடைய மிகைபுனைவு நாவல்களில் படித்தேன். கிறிஸ்தவ மிகைபுனைவு என்றால் லூயிஸின் நார்னியா சிறுவர் கதைகளில் வரும் பேசும் சிங்கமும் அலமாரிக்குள் ஒரு நாடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இந்த நாவல்களில் தேவதூதர்களும் மந்திரவாதிகளும் வருகிறார்கள், இறந்தவர்கள் தெருவில் நடக்கிறார்கள். ஆனால் கதையின் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஒரு கணவனும் மனைவியும். அந்த இருவருக்கு நடுவில், ஆவிக்குரிய ஒளியோடு, மூன்றாவது ஒருவர் வந்து நிற்கிறார். அவர் யாரை யாரிடம் அனுப்புகிறார் என்பதை வைத்துத்தான் அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

கவர்ச்சி என்று நாம் இன்று சொல்லும் காரிஸ்மா என்ற சொல் நமக்கு வந்ததே வேதாகமத்தின் வழியாகத்தான். கிரேக்கத்தில் காரிஸ் என்றால் கிருபை. காரிஸ்மா என்றால் கிருபையாகக் கொடுக்கப்பட்டது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது சபை முழுவதற்கும் பயன்படுவதற்காக ஆவியானவர் பகிர்ந்து கொடுக்கும் வரங்களுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். தமிழில் அதை வரம் என்றே மொழிபெயர்த்திருக்கிறோம், அது மிகச் சரியான சொல். வரம் பெற்றவருக்குச் சொந்தமானதல்ல, கொடுத்தவருடையது. சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல்லைத் தலைவர்களின் தனிப்பட்ட ஈர்ப்புக்கு எடுத்துக்கொண்டார். இப்போது அந்த அர்த்தம்தான் எல்லோருக்கும் தெரியும். வரம் எப்படி ஒருவருடைய சொந்த வசீகரமாக மாறுகிறது என்பதைக் கதையாகப் பார்க்க வேண்டுமானால் வில்லியம்ஸின் சைமனைப் பார்க்க வேண்டும்.

'ஆல் ஹாலோஸ் ஈவ்' 1945இல் வெளிவந்தது. போரில் சண்டை ஓய்ந்துவிட்ட லண்டன். சைமன் ஒரு போதகன். நோயாளிகளைக் குணமாக்குகிறான், ஒரு கூடத்தில் அவனைச் சுற்றி ஆட்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஜொனாதன் என்ற ஓவியன் அந்தக் காட்சியை வரைகிறான். வரைந்து முடித்த படத்தில் கேட்பவர்களின் முதுகுகள் வண்டுகளின் ஓடுகளைப் போல வந்துவிடுகின்றன. போதகனின் முகமோ எதுவுமே இல்லாத வெறுமையாக இருக்கிறது. அவனுடைய பெரிய பக்தையான சீமாட்டிக்குப் படத்தைப் பார்த்ததும் ஆத்திரம் பொங்குகிறது. சைமன் வந்து பார்க்கிறான், அவனுக்கு அது பிடித்துப்போகிறது. இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஜெபக்குழுவில் நான் உட்கார்ந்திருந்த விதம் ஞாபகம் வந்தது.

சைமன் என்ற பெயரைக் கேட்டால் வேதம் தெரிந்தவர்களுக்கு அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் சமாரியாவின் சீமோன் நினைவுக்கு வருவான். "தேவனுடைய பெரிதான சக்தி இவன்தான்" என்று சிறியோர் பெரியோர் எல்லோரும் எண்ணிய மாயவித்தைக்காரன். பரிசுத்த ஆவியின் வரத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம் என்று நினைத்தவன். ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வில்லியம்ஸ் தன் சைமனை யூதனாகப் படைத்து, அதை வைத்து இன்னொரு யூதரான இயேசுவோடு ஒப்பிடுகிறார். அந்த வருஷத்தில், ஐரோப்பாவில் யூதர்களுக்கு நடந்ததை வைத்துப் பார்த்தால், அந்தப் பக்கங்கள் மனசை உறுத்துகின்றன. அவற்றை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

இவனுக்கு எதிராக நிற்பது எந்த மகானும் இல்லை. லெஸ்டர் என்ற ஒரு சாதாரண இளம் மனைவி. நாவலின் முதல் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் கணவன் ரிச்சர்டுக்காகக் காத்து நிற்கிறாள். அவன் வரத் தாமதமாகிறது, எரிச்சலாக இருக்கிறது. அவன் வந்ததும் சிடுசிடுக்கிறாள். அடுத்த நொடி அவன் மறைந்துபோகிறான். மறைந்தது அவன் இல்லை, அவள்தான் செத்துப்போனவள் என்பது மெல்ல அவளுக்குப் புரிகிறது. விமானம் ஒன்று விழுந்து இறந்திருக்கிறாள். ஆளில்லாத நிழல் லண்டனில் அவள் செய்யப் போகும் பெரிய காரியங்கள் எல்லாம் அந்தக் குறுகிய கால மணவாழ்க்கையில் அவள் அரைகுறையாகக் கற்றுக்கொண்டதிலிருந்தே வருகின்றன. இன்னொரு ஆளைக் கேட்பது, மன்னிப்புக் கேட்பது, அடுத்தவர் மேல் விழ இருக்கும் அடியைத் தான் வாங்கிக்கொள்வது. சைமனுடைய மந்திரம் ஒரு பெண்ணைக் கொல்ல வரும்போது நடுவில் நின்று தடுப்பது இந்த லெஸ்டர்தான். பள்ளிக்கூடத்தில் அதே பெண் ஆதரவில்லாமல் நின்றபோது கண்டுகொள்ளாமல் போனவள் அவள்.

வில்லியம்ஸின் இன்னொரு நாவலான 'டிசென்ட் இன்டு ஹெல்' 1937இல் வந்தது. எனக்கு இதுதான் அதிகப் பயம் தந்த கதை, ஏனென்றால் இதில் விழுகிறவர் எந்தக் கெட்ட காரியமும் செய்வதாகவே தெரியாது. வென்ட்வொர்த் ஒரு வரலாற்று அறிஞர், நடுத்தர வயது. அடிலா என்ற இளம்பெண் மேல் ஆசை. அவளோ வேறொருவனோடு பழகுகிறாள். பொறாமையில் வெந்துகொண்டிருக்கும் அவரிடம் ஒரு மோகினி வருகிறது, அடிலாவின் உருவத்திலேயே. அது அவரை மறுத்துப் பேசாது. தாமதமாக வராது. அவர் நினைப்பதைத் தவிர வேறு எதையும் நினைக்காது. கொஞ்ச நாளில் உண்மையான அடிலா அவருக்குத் தேவையே இல்லாமல் போய்விடுகிறாள், இடைஞ்சலாகவும் ஆகிவிடுகிறாள்.

அவருடைய வீழ்ச்சியை வில்லியம்ஸ் எவ்வளவு சின்னப் படிகளாகக் காட்டுகிறார் என்பதைச் சொல்லாமல் போக முடியாது. போட்டி அறிஞர் ஒருவருக்கு அரச விருது கிடைத்த செய்தி வருகிறது. அந்த ஒரு கணம் அவருக்காகச் சந்தோஷப்பட்டிருக்கலாம். அவர் பட மாட்டேன் என்கிறார். இன்னொரு நாள், ஊரார் போடும் நாடகத்துக்கான பழைய காலச் சீருடையில் ஒரு பிழை இருக்கிறது, அது அவருக்குத் தெரியும். சொன்னால் வேலை வரும் என்று, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். தன் துறையின் சின்னதொரு உண்மையைக்கூடக் காப்பாற்றாத ஆள், தன்னை மறுத்துப் பேசும் ஒரு பெண்ணின் உண்மையை எங்கே தாங்கப் போகிறார்? பரமண்டல ஜெபத்தில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று தினமும் சொல்கிறோம். சோதனை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரும் என்ற நினைப்பில்தான் நான் சொல்லி வந்திருக்கிறேன். வென்ட்வொர்த்துக்கு அது வந்தபோது, நாளெல்லாம் உழைத்துக் களைத்தவருக்குக் கிடைக்கும் ஓய்வு மாதிரித்தான் இருந்தது.

லூயிஸின் 'பெரலாண்ட்ரா'வில் (1943) சோதனை இன்னும் உயர்ந்த வேஷத்தில் வருகிறது. வெள்ளிக் கிரகத்தின் முதல் பெண், கணவன் பக்கத்தில் இல்லாத நேரம். சோதிக்கிறவன் அவளுக்குத் தியாகம் செய்த வீரப் பெண்களின் கதைகளைச் சொல்கிறான்: கட்டளையை மீறு, நீ வளர்வாய், அவன் உன்னை இன்னும் அதிகமாக நேசிப்பான். பாவத்தை யாரும் பாவம் என்று சொல்லி விற்பதில்லை, அதை ஆவிக்குரிய முதிர்ச்சி என்றுதான் சொல்கிறார்கள். கணவன் இல்லாத இடத்தில் கணவனின் பெயரால் அவளை அழைப்பதுதான் அந்தத் தந்திரம்.

மோகினிக்கும் மனைவிக்கும் உள்ள வித்தியாசத்தை லூயிஸ் பிற்பாடு தன் வாழ்க்கையிலேயே சந்தித்தார். வெகுகாலம் தனியாள். 1956இல் ஜாய் டேவிட்மனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில், புற்றுநோயோடு மருத்துவமனைப் படுக்கையில் இருந்த ஜாயோடு, ஒரு குருவானவர் முன்னிலையில் கிறிஸ்தவத் திருமணமும் நடந்தது. 1960இல் ஜாய் இறந்தார். அந்தத் துக்கத்தைப் பற்றி லூயிஸ் எழுதிய சிறு புத்தகத்தில், என்னை எழுந்து உட்கார வைத்த ஒரு பயம் இருக்கிறது. தன் நினைவுகள் பனித் துகள்கள் மாதிரி அவள் மேல் மெல்ல மெல்ல விழுந்து, கடைசியில் அவளுடைய உண்மையான வடிவத்தை மூடிவிடுமோ என்று பயப்படுகிறார். அவள் உயிரோடு இருந்தபோது தன் கற்பனையை ஒவ்வொரு நாளும் உடைத்தாள், இனி உடைக்க ஆளில்லை என்பதுதான் அவருடைய அழுகை. வென்ட்வொர்த் எதை ஓய்வு என்று தேடிப் போனாரோ, லூயிஸ் அதையே இழப்பு என்று உணர்கிறார்.

சரி, ஆவிக்குரிய ஈர்ப்பு எல்லாமே பொய்யா? அப்படி இந்த நாவல்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வென்ட்வொர்த் வாழும் அதே ஊரில்தான் ஸ்டான்ஹோப் என்ற கவிஞரும் இருக்கிறார். போலின் என்ற பெண்ணுக்குச் சிறுவயது முதல் ஒரு பயம். தன்னைப் போலவே இருக்கும் ஓர் உருவம் தெருவில் தன்னை நோக்கி நடந்து வருவதைப் பார்த்திருக்கிறாள். அது எந்த நாளும் தன் முன்னால் வந்து நின்றுவிடலாம் என்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள். ஸ்டான்ஹோப் அவளிடம் கேட்பதெல்லாம், அந்தப் பயத்தை நான் சுமக்கட்டுமா என்பதுதான். அவள் சரி என்று வீட்டுக்கு நடக்கிறாள். அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் நடக்கும் தெருவை மனதில் கொண்டுவந்து, அந்தப் பயத்தைத் தன் உடம்பில் படுகிறார். அவ்வளவுதான். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் நிருபத்தில் வருவதை வில்லியம்ஸ் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்.

அப்புறம் நடப்பது இன்னும் முக்கியம். போலின் கைம்மாறாக ஸ்டான்ஹோப்புக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவளுடைய முறை வரும்போது, நூற்றாண்டுகளுக்கு முன் விசுவாசத்துக்காக நெருப்பில் எரிந்த தன் மூதாதை ஒருவரின் பயத்தை அவள் சுமக்கிறாள். பாரம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறி, முன்னோக்கியே போகிறது. சைமனிடம் குணமானவர்களோ சைமனையே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதிய மனிதரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்கு நெஞ்சு வலித்தது.

வில்லியம்ஸ் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு அந்த ஒளி இருந்தது என்பதில் சந்தேகமில்லை. கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1937இல் ஒரு புத்தக விஷயமாக அவரைப் போய்ச் சந்தித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் பரிசுத்தத்தின் அருகில் இருப்பதாக உணர்ந்தேன் என்று பின்னர் எழுதினார். போரினால் பதிப்பகம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாறியபோது லூயிஸ் அவரை அங்கே பேச வைத்தார். 1940இல் கற்பைப் பற்றிக் கவிஞர் மில்டன் எழுதியதை வைத்து அவர் ஆற்றிய உரையை மாணவர்கள் கட்டுண்டு கேட்டதாக லூயிஸ் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். அதே மனிதர், திருமணமாகிச் சில ஆண்டுகளில், பதிப்பகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் மேல் ஆழமாகக் காதல் கொண்டார். அது பல வருஷம் நீண்டது. அதற்குப் பிறகு சீடர்களாக வந்த இளம்பெண்களோடு சடங்கு போன்ற விளையாட்டுகள், கைகளில் அளவுகோலால் அடிக்கும் சின்னச் சின்னத் தண்டனைகள். இவை தன் கவிதைக்குச் சக்தி தருவதாக அவர் நம்பினார். 2015இல் க்ரெவெல் லிண்டாப் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இவையெல்லாம் விவரமாக இருக்கின்றன. யாருடைய பாரத்தை யார் சுமக்க வேண்டும் என்றும் அவரே சீடர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் இருந்தார். பழகத் தொடங்கிய காலத்தில் வில்லியம்ஸ் அவரிடம் 84 சானட்டுகளைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். காதலைத் துறப்பதைப் பற்றிய கவிதைகள். படித்துவிட்டு, ஐயோ, இவர் மடத்தில் சேரப் போகிறாரோ என்றுதான் முதலில் நினைத்ததாக அவர் பின்னாளில் எழுதினார். 1917இல் மணந்துகொண்டார்கள். வில்லியம்ஸ் அவருக்கு வைத்த பெயர் மீகாள். சுற்றி ஆள் இருப்பதைப் பார்க்காமல் இவர் சத்தமாகக் கவிதை சொல்வதை ஃப்ளோரன்ஸ் கேலி செய்வாராம், அதற்காக அந்தப் பெயர்.

மீகாள் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் தாவீது தன்னை மறந்து ஆடுகிறான், ஊரே கொண்டாடுகிறது. அவன் மனைவி பலகணி வழியாகப் பார்த்து அவனை மனதில் அவமதிக்கிறாள். பிரசங்கங்களில் எப்போதும் அவளுக்குத்தான் திட்டு விழும். இதே மீகாள்தான் தாவீதை நேசித்தாள் என்று வேதம் வெளிப்படையாகச் சொல்கிறது. சவுலின் ஆட்கள் கொல்ல வந்தபோது அவனை வேறொரு சன்னல் வழியாக இறக்கிவிட்டுக் காப்பாற்றியதும் அவள்தான். அபிஷேகம் பெற்ற மனிதனை இரண்டு சன்னல்களிலிருந்தும் பார்த்தவள் அவள் ஒருத்தி. வில்லியம்ஸ் இந்தப் பெயரைச் செல்லமாகத்தான் வைத்திருக்கிறார், போர்க் காலத்தில் லண்டனில் இருந்த அவருக்கு ஓயாமல் அன்பாகக் கடிதமும் எழுதியிருக்கிறார். ஆனால் கூட்டத்துக்கு ஒளியாகத் தெரிந்தவரிடம், சன்னலில் நின்ற ஒருத்தி என்ன பார்த்தாள் என்று அவர் உட்கார்ந்து கேட்டிருந்தால்? எனக்கு இந்தக் கேள்வி தீரவே இல்லை.

அதற்காக அந்த நாவல்களைத் தூக்கிப்போட என்னால் முடியவில்லை. மோகினியின் வசதியை அவ்வளவு துல்லியமாக எழுத, அதன் மடியில் உட்கார்ந்து பார்த்தவரால்தான் முடியும். குணமாக்கும் போதகனின் வெறுமையான முகத்தை அவர் எங்கே பார்த்தார் என்று யோசித்தால், கண்ணாடியில்தான் என்று எனக்குப் படுகிறது. அது என் ஊகம். 1945 மே மாதம், ஐரோப்பாவில் போர் முடிந்து ஒரு வாரத்தில், அவர் இறந்தார். சைமனைப் பற்றிய புத்தகம்தான் அவருடைய கடைசி நாவல்.

அதே வருஷம் வந்தது லூயிஸின் 'தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்த்'. ஆங்கிலத்தில் அதன் முதல் சொல்லே திருமணம் என்பதுதான். ஜேன் வீட்டில் தனியாக இருக்கிறாள். திருமண ஆராதனையில் கேட்ட வார்த்தைகளை, ஒருவருக்கொருவர் துணை, உதவி, ஆறுதல் என்பதை, கசப்போடு நினைத்துப் பார்க்கிறாள். கணவன் மார்க் உள்வட்டத்தில் சேரும் ஆசையில் ஒரு பயங்கரமான நிறுவனத்தின் வலையில் போய் விழுந்துகொண்டிருக்கிறான். அவள் இன்னொரு வீட்டுக்குப் போகிறாள், அங்கே ரான்சம் என்ற இயக்குநரைப் பார்க்கிறாள். பார்த்த கணத்தில் அவளுடைய உலகமே குலைந்துபோகிறது. குரல், முகம், அதிகாரம், இளமை. நான் அண்ணனிடம் பார்த்ததெல்லாம் அதில் இருந்தது. கணவனைப் பற்றிய பேச்சே இல்லாமல் இங்கேயே இருந்துவிட மாட்டோமா என்று ஏங்குகிறாள்.

ரான்சம் அவளிடம் முதலில் பேசுவது மார்க்கைப் பற்றி. அவனையும் மீட்க வேண்டும், அவனிடம் நீ பேச வேண்டும் என்கிறார். கூடவே, நீ கீழ்ப்படிய முயலாததால்தான் காதலை இழந்தாய் என்றும் சொல்கிறார். இந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு ஏற்பில்லை. மார்க் அவளிடம் ஒருநாளும் காது கொடுத்ததில்லை என்பது நாவலிலேயே இருக்கிறது. இதை எழுதியபோது லூயிஸுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஆனால் ஒரு இளம்பெண் தன் மனசையே தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டும்போது, அதை எடுத்துக்கொள்ளாமல் வீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பும் மனிதரை அங்கேதான் பார்த்தேன். அதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

என் விஷயத்தில் யாரும் திருப்பி அனுப்பவில்லை. என் கணவரின் அந்தக் கேள்விக்குப் பிறகு நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குழுவுக்குப் போவதைக் குறைத்தேன். ஒரு வருஷம் எடுத்தது. அந்த வருஷம் முழுவதும் அவர் சொல்வது என் காதில் விழுகிறதா என்று கவனித்தேன். பல நாள் விழவில்லை.

நாவலின் கடைசிப் பக்கத்தில் ஜேன் இயக்குநரின் வீட்டை விட்டு வெளியே வந்து, தோட்டத்தின் வழியாக இறங்கி, மார்க் தங்கியிருக்கும் சின்ன வீட்டுக்கு வருகிறாள். தயங்கி நிற்கிறாள். அவனுக்குத் தான் வேண்டுமா என்றே தெரியவில்லை. உலகத்தையே காப்பாற்றிய ஆட்களோடு இவ்வளவு நாள் இருந்தவள். சன்னல் திறந்திருக்கிறது. உள்ளே நாற்காலியில் துணிகள் கண்டபடி கிடக்கின்றன. ஒரு சட்டையின் கை சன்னல் விளிம்புக்கு வெளியே தொங்குகிறது. பனியில் நனையும். மார்க் என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறாள். சரி, உள்ளே போக வேண்டிய நேரம்தான்.